சுருள்வில் கேம் (பாறையேற்றம்)

சுருள்வில் கேம் என்பது மரபுவழிப் பாறையேற்றத்தில் பாறைப் பிளவுகளுள் செருகி, அதனுடன் கயிற்றை இணைப்பதற்குப் பயன்படும் ஒரு காப்புக் கருவி ஆகும். ஏறுபவர் தவறி விழும்போது கயிற்றில் ஏற்படும் இழுவையை இக்கருவி பிளவின் இரு சுவர்களின்மீதும் செலுத்தப்படும் அழுத்தமாக மாற்றுகின்றது. அவ்வழுத்தத்தினால் உண்டாகும் உராய்வே கருவியைத் தன் இடத்தில் நிறுத்துகின்றது. இதற்குச் சுத்தியலோ ஆணியோ தேவையில்லை. பின்னால் ஏறி வருபவர் ஒரு கையாலேயே கழற்றி எடுத்துக்கொள்ளலாம்.

இயந்திரவியலில் கேம் என்பதற்கு நெம்புருள் என்ற தமிழ்ச் சொல் வழங்குகின்றது. எனினும் பாறையேறுவோர் முழுக் கருவியையுமே கேம் என்று அழைப்பதால், இக்கட்டுரையில் கருவி கேம் எனவும், அதில் சுழலும் வளைவான பாகம் மடல் எனவும் குறிக்கப்படுகின்றன.

சந்தையில் பல நிறுவனங்களின் கேம்கள் கிடைக்கின்றன. நிறம், எடை, விலை ஆகியவற்றில் இவை வேறுபட்டாலும், அடிப்படையில் ஒரே சிக்கலுக்கான வெவ்வேறு தீர்வுகளே இவை. அச்சிக்கல், கேம் கோணம் எனப்படும் ஒரு கோணத்தை எவ்வளவாக வைப்பது என்பதாகும்.

பின்னணி

மரபுவழிப் பாறையேற்றத்தில் முதலில் ஏறுபவர் தமக்கான காப்புகளைத் தாமே வழியில் பொருத்திக்கொண்டு செல்வார். அவர் கடைசிக் காப்புக்கு மேலே 3 மீட்டர் உயரத்தில் தவறினால், அக்காப்பு நிலைத்து நின்றாலும் குறைந்தது 6 மீட்டர் விழுவார். அது பிடுங்கிக்கொண்டு வந்தால் அதற்குக் கீழுள்ள காப்பையும் தாண்டி விழ நேரிடும்.

1960கள் வரை இதற்கு எஃகு ஆணிகளே பெரிதும் பயன்பட்டன. ஐக்கிய அமெரிக்காவின் யொசெமிட்டி பள்ளத்தாக்கில் மீண்டும் மீண்டும் ஆணி அறைந்து கழற்றியதால் கருங்கற் பிளவுகள் சிதைந்தன. இதனால் 1970களின் தொடக்கத்தில் ஆணியற்ற ஏற்றத்தை வலியுறுத்தும் இயக்கம் தோன்றியது. ஆணிகளுக்கு மாற்றாக நட் எனப்படும் ஆப்பு வடிவக் கட்டைகளும், ஹெக்ஸ் எனப்படும் அறுகோணக் கட்டைகளும் வந்தன. பிளவு கீழ்நோக்கிக் குறுகும் இடத்தில் இவை நன்றாக இறுகும். ஆனால் இரு சுவர்களும் இணையாகச் செல்லும் பிளவில் நட் வெறுமனே வழுக்கி வெளியேறிவிடும். ஹெக்ஸ் ஓரளவு சுழன்று இறுகினாலும், ஒரு கையால் தொங்கியபடி அதைச் சரியாகப் பொருத்துவது எளிதன்று. யூட்டா மாநிலத்தின் இந்தியன் கிரீக்கில் சூப்பர்கிராக் என்னும் நெடிய இணைப்பிளவில் 1976இல் எர்ல் விக்கின்ஸ் ஹெக்ஸ்களை மட்டும் நம்பி முன்னேறினார். கேம்களுக்குப் பழகிய இன்றைய ஏறுநர்கள் அதனை வியப்புடன் நினைவுகூர்கின்றனர்.

வரலாறு

சுருளி வடிவ மடலைப் பாறைக் காப்பாகப் பயன்படுத்தும் எண்ணம் ஒரே ஒருவருக்கு உரியதன்று. சோவியத் மலையேறுநர் விட்டாலி அபலக்கோவ் இத்தகைய மடல் ஒன்றை முன்னரே உருவாக்கியிருந்தார். அமெரிக்கரான கிரெக் லோ 1970களின் தொடக்கத்தில் சுருள்வில் பொருத்திய மடல் கருவியொன்றை வடிவமைத்தார்.

இக்கருவியை நடைமுறைக்கு உகந்ததாக்கியவர் ரே ஜார்டின் என்னும் அமெரிக்கர். விண்வெளித் துறையில் பணியாற்றிய இவர், ஒரே அச்சில் தனித்தனியே சுழலும் நான்கு மடல்களை அமைத்து, அவற்றை விரல்களால் இழுத்துச் சுருக்கும் இழுப்பானையும் சேர்த்தார். 1970களின் நடுப்பகுதியில் யொசெமிட்டியில் இவற்றைச் சோதித்த காலத்தில் வடிவமைப்பு வெளியே தெரிந்துவிடாதபடி காத்துவந்தார். பிறர் முன்னிலையில் கருவியின் பெயரைச் சொல்லாமல் நண்பர்கள் வந்தாயிற்றா என்று உடன் ஏறுபவர் கேட்டதிலிருந்தே பிரெண்ட்ஸ் என்ற பெயர் நிலைத்ததாகக் கூறப்படுகின்றது. 1977இல் ஜார்டின் ஏறிய பீனிக்ஸ் என்ற பிளவு, உலகில் 5.13 தரம் பெற்ற முதல் ஏற்றங்களுள் ஒன்றாகக் கருதப்படுகின்றது.

1978இல் இங்கிலாந்தில் மார்க் வாலன்ஸ் தொடங்கிய வைல்ட் கண்ட்ரி நிறுவனம் பிரெண்ட்ஸை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இது ஏமாற்று வேலை என்று அக்காலத்தில் சிலர் குறைகூறினர். சில ஆண்டுகளிலேயே அக்குரல் அடங்கிவிட்டது.

செயற்படும் முறை

மடலின் விளிம்பு மடக்கைச் சுருளி என்னும் வளைவின் ஒரு பகுதியாகும். நாட்டிலசின் ஓட்டிலும் காணப்படும் இவ்வளைவுக்கு ஒரு சிறப்பு உண்டு. மையத்திலிருந்து விளிம்புக்கு வரையப்படும் கோடு, எந்த இடத்திலும் விளிம்பை ஒரே கோணத்தில் வெட்டும். எனவே பிளவு அகலமாக இருப்பினும் குறுகலாக இருப்பினும் மடல் சுவரைத் தொடும் கோணம் மாறுவதில்லை. வட்ட வடிவத் தட்டின் அச்சை மையத்திலிருந்து சற்று விலக்கி வைத்தாலும் இறுகும் கருவி ஒன்று கிடைக்கும். ஆனால் அது ஓர் அகலத்தில் பிடித்து மற்றோர் அகலத்தில் வழுக்கும்.

அச்சிலிருந்து சுவருக்குச் செங்குத்தாக ஒரு கோடும், அச்சிலிருந்து மடல் சுவரைத் தொடும் புள்ளிக்கு மற்றொரு கோடும் வரைந்தால், அவ்விரண்டுக்கும் இடைப்பட்டதே கேம் கோணம். தொடுபுள்ளி அச்சைவிடச் சற்றுக் கீழே இருக்கும். ஓட்டு வீட்டுக் கூரையின் இரு சாய்சட்டங்களை இதற்கு ஒப்பிடலாம். முகட்டில் பாரம் ஏற்றினால் சட்டங்களின் அடிகள் சுவர்களை வெளிநோக்கித் தள்ளும். கூரை எவ்வளவு தட்டையோ அவ்வளவுக்கு அத்தள்ளல் மிகும்.

ஒவ்வொரு சுவரும் இழுவையில் பாதியைத் தாங்குவதால் கணக்கு எளிதாகின்றது.

ஒரு சுவரின் மீதான அழுத்தம் = இழுவை ÷ (2 × கேம் கோணத்தின் டான்ஜென்ட்)

வழுக்காமல் நிற்பதற்கு மடலுக்கும் பாறைக்கும் இடையிலான உராய்வுக் குணகம் கேம் கோணத்தின் டான்ஜென்ட் மதிப்பைவிட மிகுதியாக இருக்க வேண்டும். இவ்விதியில் இழுவையின் அளவு இடம்பெறவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். உராய்வு போதுமானதாக இருந்தால் கேம் எவ்விசையிலும் வழுக்காது. பாறையோ உலோகமோ உடையும்வரை நிற்கும். உராய்வு போதாவிட்டால் சிறு இழுவையிலேயே வழுக்கிவிடும்.

சில கேம்களின் கோணங்களும் அவற்றிலிருந்து கணக்கிடப்பட்ட மதிப்புகளும் வருமாறு:

மெட்டோலியஸ்: 13.25 பாகை, தேவையான உராய்வுக் குணகம் 0.235, ஒரு சுவரின் அழுத்தம் இழுவையைப் போல் 2.12 மடங்கு
பிரெண்ட்ஸ், டிராகன்: 13.75 பாகை, 0.245, 2.04 மடங்கு
கேமலாட் சி4: 14.5 பாகை, 0.259, 1.93 மடங்கு
ஏலியன்: 16 பாகை, 0.287, 1.74 மடங்கு

கோணம் சிறிதாக இருந்தால் வழுக்கும் வாய்ப்புக் குறையும். ஆனால் பாறை நெருக்கப்படும் விசை கூடும். அதோடு மடல் விரியும் எல்லையும் சுருங்கும். மடல் 110 பாகை சுழல்வதாகக் கொண்டால், 13.75 பாகைக் கோணத்தில் மிகப்பெரிய அகலம் மிகச்சிறிய அகலத்தைப் போல் 1.60 மடங்காகவும், 16 பாகையில் 1.73 மடங்காகவும் இருக்கும். ஏறுபவர் இடுப்பில் தொங்கவிட்டுச் செல்லக்கூடிய கேம்களின் எண்ணிக்கைக்கு ஓர் அளவு உண்டு என்பதால் இவ்வேறுபாடு சிறியதன்று.

விசையின் அளவை ஓர் எடுத்துக்காட்டால் அறியலாம். ஒருவர் விழும்போது கயிறு அவரை 3.6 கிலோ நியூட்டன் விசையுடன் நிறுத்துவதாகவும், கீழே கயிறு பிடிப்பவர் பக்கம் 2.4 கிலோ நியூட்டன் இழுவை இருப்பதாகவும் கொள்வோம். கயிறு மேலுள்ள காப்பின் வழியே வளைந்து இறங்குவதால் இவ்விரண்டும் சேர்ந்து 6 கிலோ நியூட்டன் அக்காப்பின் மீது விழும். 13.75 பாகைக் கேம் இதனைத் தாங்கும்போது ஒவ்வொரு சுவரையும் சுமார் 12.3 கிலோ நியூட்டன், அதாவது ஏறத்தாழ 1,250 கிலோகிராம் எடைக்கு இணையான விசையுடன் தள்ளும். மலையோடு ஒன்றிய கருங்கல் இதனை எளிதில் தாங்கும். பாறையிலிருந்து பாதி பிரிந்து நிற்கும் பலகைக்கல்லின் பின்னே வைக்கப்பட்ட கேமோ அக்கல்லையே பெயர்த்துவிடக்கூடும். பெயரும் கல் கேமைவிடப் பன்மடங்கு ஆபத்தானது. கீழே நிற்பவருக்கும் அது கேடாகும்.

ஓரச்சும் ஈரச்சும்

கோணத்தைக் கூட்டாமல் விரியும் எல்லையை மட்டும் கூட்ட முடியுமா என்ற கேள்விக்குக் கிடைத்த விடையே ஈரச்சுக் கேம். 1980களின் பிற்பகுதியில் சுவினார்ட் எக்யுப்மென்ட் நிறுவனம் கேமலாட் என்னும் பெயரில் இதனை வெளியிட்டது. அந்நிறுவனத்தின் தொடர்ச்சியாக 1989இல் உருவான பிளாக் டயமண்ட் நிறுவனம் கேமலாட்டைத் தொடர்ந்து தயாரித்து வருகின்றது.

ஈரச்சில் இடப்பக்க மடல் வலப்பக்க அச்சிலும், வலப்பக்க மடல் இடப்பக்க அச்சிலும் சுழல்கின்றன. ஒவ்வோர் அச்சும் தான் தொடும் சுவரிலிருந்து தள்ளி இருப்பதால், அதே அகலப் பிளவில் பெரிய மடலைப் பொருத்த முடிகின்றது. எடுத்துக்காட்டாக, அச்சிலிருந்து சுவர் வரையிலான தொலைவு 10 முதல் 16 மில்லிமீட்டர் வரை மாறும் மடல் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். ஓரச்சில் அது 20 முதல் 32 மில்லிமீட்டர் வரை, அதாவது 1.60 மடங்கு விரியும். அதே மடலை 3 மில்லிமீட்டர் இடைவெளியுள்ள ஈரச்சில் அமைத்தால் 17 முதல் 29 மில்லிமீட்டர் வரை, அதாவது 1.71 மடங்கு விரியும். கோணம் மாறவில்லை.

இவ்வழியில் 1 எண் கொண்ட கேமலாட் சி4, 30.2 முதல் 52.1 மில்லிமீட்டர் வரையான பிளவுகளுக்குப் பொருந்துகின்றது. இது 1.73 மடங்காகும். மேலும், மடல்கள் முழுதும் விரிந்த நிலையில் அவை எதிர் அச்சில் முட்டி நிற்பதால் குடைபோலத் திரும்பிவிடுவதில்லை. இதற்கு ஈடாகக் கூடுதல் எஃகு அச்சின் எடையைச் சுமக்க வேண்டும். மிகச்சிறிய பிளவுகளுக்கான கேம்களில் இரண்டு அச்சுகளுக்கு இடமும் இருப்பதில்லை.

ஈரச்சு அமைப்பு நெடுங்காலம் காப்புரிமையின் கீழ் இருந்தது. அது முடிந்தபின் 2010இல் வேல்சின் டிஎம்எம் நிறுவனம் டிராகன் என்ற ஈரச்சுக் கேமை வெளியிட்டது. பின்னர் வைல்ட் கண்ட்ரியும் பிரெண்ட்ஸை ஈரச்சுக்கு மாற்றியது. இம்மூன்றுக்கும் இடையே இன்று பெரிய வேறுபாடு இல்லை எனலாம். டிராகனிலும் புதிய பிரெண்டிலும் நாடாவை இரு மடங்காக நீட்டிக்கொள்ளும் வசதி உண்டு. கேமலாட் சி4இல் அவ்வசதி இல்லாவிடினும் கட்டைவிரல் நுழையும் வளையம் உள்ளது. கையுறை அணிந்தோ களைத்த கையுடனோ ஏறுபவர் வளையத்தையும், நெளிந்து செல்லும் நீண்ட வழிகளில் ஏறுபவர் நீளும் நாடாவையும் விரும்புவர்.

பிற வடிவமைப்புகள்

ஏலியன் கேம்களை முதலில் சிசிஎச் என்ற சிறு நிறுவனம் தயாரித்தது. சுருள்வில்லை மடலுக்குள்ளேயே ஒளித்து வைத்ததால் இதன் தலை மிகக் குறுகலானது. தண்டு எளிதில் வளையும். மடலின் அலுமினியக் கலவையும் மென்மையானது. பாறையின் நுண்ணிய மேடுகள் அதில் பதிந்து கூடுதல் பிடிப்பைத் தருகின்றன. 16 பாகைக் கோணத்துடன் இது நடைமுறையில் நன்கு பிடிப்பதற்கு இம்மென்மையும் ஒரு காரணமாகக் கூறப்படுகின்றது. மடல் விரைவில் தேய்வது இதன் குறை. 2006இல், தண்டுப் பகுதியின் பற்றவைப்பு சரியாக அமையாத சில ஏலியன்கள் திரும்பப் பெறப்பட்டன. வடிவமைப்பு எவ்வளவு சிறந்ததாயினும் ஒவ்வொரு கருவியையும் இழுத்துச் சோதிக்காமல் விற்கலாகாது என்ற கருத்து இதன்பின் வலுப்பெற்றது.

சுபெயினின் பாசுக்கு நாட்டில் உருவான டோட்டம் கேம் முற்றிலும் வேறு வழியில் செல்கின்றது. இதில் இழுவை அச்சுக்குச் செல்லாமல் கம்பிகள் வழியே நேரடியாக மடல்களுக்குச் செல்கின்றது. இரு பக்கங்களும் தனித்தனியே பாரத்தை ஏற்பதால், ஒழுங்கற்றதும் வெளிநோக்கி விரிவதுமான பிளவுகளில் பிற கேம்கள் நில்லாத இடத்திலும் இது நிற்பதாகப் பலரும் கூறுகின்றனர். செயற்கை ஏற்றத்தில் உடல் எடையைத் தாங்குவதற்கு நான்கில் இரண்டு மடல்களை மட்டும் பயன்படுத்தவும் இயலும். தலை பருமனாக இருப்பதும் விலை மிகுதியும் இதன் குறைகள்.

மெட்டோலியஸின் மூன்று மடல் கேம்கள், நான்கு மடல்களுக்கு ஆழம் போதாத சிறு குழிகளுக்கு உதவுகின்றன. ஆணித் தழும்புகளில் ஒரு பக்கம் மற்றதைவிட அகலமாக இருக்கும் என்பதால், இருவேறு அளவு மடல்களைச் சேர்த்த கலப்புக் கேம்களும் உள்ளன. யொசெமிட்டியின் பெருஞ்சுவர்களில் இவை பெரிதும் வேண்டப்படுகின்றன. மடலையே கணுக்களாகப் பிரித்து 2.5 மடங்கு விரியச் செய்த ஒமேகா பசிபிக் நிறுவனத்தின் லிங்க் கேம் ஒரு துணிச்சலான முயற்சி. எனினும் எடையும், பக்கவாட்டு முறுக்கத்தைத் தாங்காத கணுக்களும் அதற்குத் தடையாயின.

தண்டின் வளர்ச்சியும் குறிப்பிடத்தக்கது. முதற்காலப் பிரெண்ட்ஸின் தண்டு வளையாத உலோகச் சட்டம். நியூயார்க் மாநிலத்தின் சவாங்கங்க் பாறைகளில் பிளவுகள் பெரும்பாலும் கிடைமட்டமானவை. அங்கே தண்டு விளிம்புக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்ததால், விழுகையில் நெம்புகோல்போல் வளைந்து உடையும் அச்சம் இருந்தது. எனவே தண்டின் முன்பகுதித் துளையில் தனியே கயிறு கட்டும் வழக்கம் ஏற்பட்டது. இன்றைய கேம்களில் வளையும் கம்பித் தண்டு உள்ளதால் அது தேவைப்படுவதில்லை. 2016இல் வந்த கேமலாட் அல்ட்ராலைட்டில் எஃகுக் கம்பிக்கு மாற்றாக டைனீமா இழை பயன்படுத்தப்பட்டது.

வலிமை எண்

கேமின் மீது 12 கிலோ நியூட்டன் என்பது போன்ற எண் பொறிக்கப்பட்டிருக்கும். ஐரோப்பியத் தரமான ஈஎன் 12276, குறைந்தது 5 கிலோ நியூட்டன் தாங்க வேண்டும் என்கின்றது. ஆய்வுக்கூடத்தில் இணையான எஃகுத் தாடைகளுக்கிடையே கேமை வைத்து இழுத்துப் பெறப்படுவது இவ்வெண். கேமின் உலோகமும் நாடாவும் எப்போது உடையும் என்பதை மட்டுமே இது கூறுகின்றது. களத்தில் கேம்கள் உடைவது அரிது. வழுக்கியோ, சுழன்றோ, பாறை நொறுங்கியோ வெளியேறுவதே வழக்கம். எனவே 12 எண்ணுள்ள கேம் 10 எண்ணுள்ளதைவிடப் பாதுகாப்பானது என்று கொள்வது தவறாகும்.

பாறை வகையே பெரும்பாலும் முடிவு செய்கின்றது. சொரசொரப்பான கருங்கல்லில் எல்லாக் கேம்களும் நன்றாகப் பிடிக்கும். சுண்ணாம்புப் பாறை பலவிடங்களில் வழவழப்பானது. ஈரமோ களிமண்ணோ படிந்திருந்தால் கேமை நம்ப இயலாது. இந்தியன் கிரீக்கின் மணற்கல் மென்மையானது. விழுகையின்போது மடல்கள் அதில் தடம் பதித்துக்கொண்டு சறுக்குவதுண்டு. அங்கே மடலின் அகலம் கோணத்தைவிட முதன்மை பெறுகின்றது, ஏனெனில் அதே அழுத்தம் அகன்ற பரப்பில் பரவுகின்றது. மழையில் நனைந்த மணற்கல் வலுவிழப்பதால் உலரும்வரை அங்கு ஏறுவதில்லை. பிளவின் அகலம் மாறாமலே நெடுந்தொலைவு செல்வதால், ஒரே அளவில் ஆறு, ஏழு கேம்கள் வேண்டியிருக்கும்.

பொருத்துதல்

மடல்கள் விரியும் எல்லையின் நடுப்பகுதிக்கும் இறுக்கமான பகுதிக்கும் இடையில் இருக்குமாறு பொருத்துவது நன்று. முழுதும் சுருக்கித் திணித்தால் கேம் சிக்கிக்கொண்டு திரும்ப வராது. நுனிவரை விரிந்திருந்தால் சிறிது நகர்ந்தாலும் பிடி விட்டுப்போகும். மெட்டோலியஸ் மடல்களில் இதற்கென வண்ணப் புள்ளிகள் உள்ளன. பச்சை நல்ல நிலையையும், மஞ்சள் எச்சரிக்கையையும், சிவப்பு தவிர்க்க வேண்டிய நிலையையும் குறிக்கும். தொடக்கநிலையினருக்கு இது உதவியாக இருக்கும்.

கயிறு அசையும்போது கேம் சிறிது சிறிதாகப் பிளவின் உட்புறம் நகரும். உள்ளே பிளவு அகன்றிருந்தால் மடல்கள் தளர்ந்துவிடும். நீண்ட நாடா இணைத்தால் இந்நகர்வு குறையும். தண்டு விழுகையின் திசையை நோக்கியிருப்பதும் இன்றியமையாதது.

வெவ்வேறு நிறுவனங்களின் கேம்களைக் கலந்து பயன்படுத்துவோர் நிறங்களில் கவனமாக இருத்தல் வேண்டும். கேமலாட்டில் 1 சிவப்பு, 2 மஞ்சள், 3 நீலம். டிராகன் இந்நிற வரிசையையே பின்பற்றினாலும் அதன் சிவப்பின் எண் 3. மெட்டோலியஸின் மஞ்சளோ விரல் மட்டுமே நுழையும் பிளவுக்கானது. கேமலாட்டின் மஞ்சள் முழுக் கையும் நுழையும் பிளவுக்கானது. கைகள் தளர்ந்த நிலையில் இடுப்பிலிருந்து தவறான கேமை எடுத்தால், அதை மாற்றுவதற்குள் பிடி நழுவிவிடலாம்.

பராமரிப்பு

மணலும் கடலோர உப்பும் மடல்களின் அசைவைத் தடுக்கும். வெந்நீரில் கழுவி உலர்த்தி, அச்சில் மட்டும் மசகு இட வேண்டும். மடலின் விளிம்பில் மசகு பட்டால் உராய்வு குறையும் என்பதால் அதனைத் துடைத்துவிடுதல் அவசியம். இழுப்பான் கம்பிகள் அறுந்தால் மாற்றிக்கொள்ளலாம். விளிம்பு தட்டையாகத் தேய்ந்த மடலில் சுருளியின் வடிவமே மாறிவிடுவதால், அத்தகைய கேமைக் கைவிட வேண்டும். உலோகப் பாகம் நெடுங்காலம் உழைத்தாலும் நாடாவின் இழைகள் வெயிலிலும் உராய்விலும் நலிவடைகின்றன. பயன்படுத்தாமல் வைத்திருந்தாலும் பத்து ஆண்டுகளுக்குள் நாடாவை மாற்றுமாறு பொதுவாக அறிவுறுத்தப்படுகின்றது. தயாரித்த ஆண்டு நாடாவில் தைக்கப்பட்ட சிறு துணிச்சீட்டிலோ தண்டிலோ குறிக்கப்பட்டிருக்கும்.